நூலாக் கலிங்கமும் நீலத்தோலும்

(விரிஞ்சிபுரத்தில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூர்க் கோயிலுக்கு வருவோர் அதன் மதிலழகை வியந்து பேசுவர். யான் சிறுவனாக இருந்தபொழுது என்னை ஈர்த்தது மதிலன்று. உள்ளே நிற்கும் மணிகாட்டுங்கல். அரைவட்டமாகச் செதுக்கி எண் பொறித்த அக்கல்லில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழும் எண்ணே அப்போதைய பொழுது. பொருளைக் கையால் தொட்டுக் கண்ணால் பார்த்தால் அறிவியல் தானே விளங்கும் என்பதை எனக்குக் கற்பித்தது எந்தப் பள்ளியும் அன்று, அந்தக் கல்லே. மார்க்கபந்து என்று வடமொழியில் வழங்கும் இவ்வூர் இறைவனுக்கு வழித்துணை என்னும் அழகிய தமிழ்ப்பெயர் உண்டன்றோ? இன்றைய உரைக்கு எனக்கு அக்கல்லே வழித்துணை.

ஆகலின் இன்று இரு பொருள்களைக் கையோடு கொணர்ந்துள்ளேன். ஒன்று வாணியம்பாடிப் பக்கத்து உழவர் ஒருவர் தந்த பட்டுக்கூடு. மற்றொன்று ஆம்பூரிலிருந்து வந்த ஒரு கீற்று நீலத்தோல். முதலாவதன் எடை இரண்டு கிராம்கூட இராது. இரண்டாவதைப் பற்றி உங்களுக்கு யான் சொல்ல வேண்டுவதில்லை. அதன் நாற்றத்தை நம் மூக்கும் அதன் கழிவை நம் கிணறும் நன்கறியும்.

இவ்விரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டும் புரதம். இச்சொல்லைப் பற்றி ஒரு சிறு செய்தி. 1838ஆம் ஆண்டில் முல்டர் என்னும் ஒல்லாந்து வேதியறிஞர், முதன்மையானது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கப்பெற்ற பெயரை இப்பொருளுக்கு இட்டார். நம் புரதம் என்னும் சொல் அவ்வொலியைத் தழுவி வந்ததே. முதன்மம் என்று யான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதுண்டு. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் புரதம் என்றே பயில்கின்றமையால் இன்று அதனையே ஆள்கிறேன். சொற்போரை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

புரதம் என்பது மணிகளைக் கோத்த மாலை போன்றது. அம்மணிகளுக்கு அமினோக் காடிகள் என்று பெயர். உயிர்கள் ஆள்வன 20 வகை மணிகளே. எழுத்துகள் சிலவாயினும் சொற்கள் எண்ணிலவாதல் போல, இந்த 20 மணிகளைக் கோக்கும் முறையால் மயிரும் நகமும் குருதியும் தசையும் தோலும் பட்டும் ஆகின்றன. இவற்றுள் மிகச் சிறிய மணியொன்று உண்டு. 1820இல் பிராக்கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் விலங்குப் பசையைக் கந்தகக் காடியில் காய்ச்சியபோது அது கிடைத்தது, சுவைத்தால் இனித்தது. அதனாலேயே இனிமை என்னும் பொருள்படக் கிளைசின் என்று மேலையர் பெயரிட்டனர். இன்றைக்கு மட்டும் அதனை இனிமம் என்று வழங்க ஒப்புதல் தாருங்கள்.

இப்போது இந்தக் கூட்டையும் இந்தத் தோலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டிழையின் மாலையில் பெரும்பகுதியில் ஒன்றுவிட்டு ஒன்று இனிமம் வருகிறது. தோலின் மாலையிலோ இரண்டுவிட்டு ஒன்று, அஃதாவது ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் இனிமம் வருகிறது. இந்த ஓரிட வேறுபாட்டால் ஒன்று மின்னும் இழையாகவும் மற்றொன்று உதைபட்டும் கிழியாத செருப்பாகவும் அமைகின்றது. யான் இதனை முதன்முதலில் படித்த நாளில் இரவெல்லாம் உறங்கவில்லை.

பட்டைப் பற்றி முதலில் விரித்துரைக்கிறேன். நம் முன்னோர் பட்டை அறியாதவர் அல்லர். பொருநராற்றுப்படையிலும் பட்டினப்பாலையிலும் பட்டுடை பேசப்படுகிறது. பதிற்றுப்பத்தில் அதற்கு நூலாக் கலிங்கம் என்றே ஒரு பெயர் உண்டு. நூலா என்றால் நூற்கப்படாத என்று பொருள். பஞ்சை நூற்க வேண்டும். ஏனெனில் அது குறுகிய இழைகளின் குவியல். பட்டை நூற்க வேண்டுவதில்லை. புழுவே ஒரே நீள இழையாகத் தருகிறது. இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே பொதிந்து வைத்தவன் தறியையும் இழையையும் அருகிருந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

முட்டையினின்று வெளிவரும் பட்டுப்புழு ஏறத்தாழ 25 நாள்களில், நான்கு முறை தோலுரித்து, தன் எடையைப்போல் பதினாயிரம் மடங்காகப் பெருகுகிறது. உண்பது முசுக்கொட்டையிலை ஒன்றே. முற்றிய புழுவை, உழவர் சந்திரிகை என்றழைக்கும் மூங்கில் தட்டில் விட்டால், தலையை எட்டு என்னும் எண்ணின் வடிவில் ஆட்டி ஆட்டி, மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிவிடும். அவ்விழை ஏறத்தாழ ஓராயிரம் மீட்டர் நீளம். அதாவது இச்சிறு கூட்டை அவிழ்த்தால் இக்கூட்டத்திடலிலிருந்து ஆற்றின் அக்கரை வரை கொண்டு செல்லலாம்.

இழையில் இரு புரதங்கள் உள. நடுவே இரட்டை இழையாகக் கிடப்பது பைபிராயின். நான்கில் மூன்று பங்கு அதுவே. அவற்றை ஒட்டிப் பிணைக்கும் பசை செரிசின். மீதி நான்கில் ஒரு பங்கு. பைபிராயினின் பெருமாலையில் 5,263 மணிகள். அவற்றுட் பெரும்பாலானவை ஆறாறு மணிகொண்ட கட்டுகளாக மீண்டும் மீண்டும் வருகின்றன. மணிகள் சிறியவையாதலால் மாலைகள் பக்கம் பக்கமாக நெருங்கித் தாள்களை அடுக்கினாற் போல் அடுக்குண்டு இறுகுகின்றன. அவ்வடுக்குள் நீர் புகாது. பட்டின் வலிமைக்குக் கரணியம் அதுவே.

வியப்பு யாதெனின், புழுவின் வயிற்றுச் சுரப்பியில் இருக்கும்வரை அது நீரில் கரைந்த கூழ். வாய்வழி வெளிப்படும் ஒரு நொடியில் கரையாத இழை. இதற்கு அப்புழு உலை மூட்டவில்லை, நஞ்சு கலக்கவில்லை. நீரைச் சற்றே குறைக்கிறது, காடித்தன்மையைச் சற்றே கூட்டுகிறது, தலையை அசைத்து இழுக்கிறது, அவ்வளவே. பட்டுக்கு மாற்றாக 1935இல் அமெரிக்காவில் கரோத்தர்சு ஆக்கிய நைலானிலும் மணிகளை இணைக்கும் பிணைப்பு இதே வகைதான். ஆனால் அதனை உருக்கி இழுக்க 260 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். புழு அறைவெப்பத்தில் செய்வதை மாந்தன் உலையில் செய்கிறான்.

இனி இத்தோலுக்கு வருவோம். தோலின் புரதத்துக்குக் கொல்லாசன் என்று பெயர். அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்த இடம் இலண்டனன்று, நியூயார்க்கும் அன்று, நம் சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்று வந்த கோ. நா. இராமச்சந்திரனுக்கு அப்போது அகவை முப்பது. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் ஆங்கில அறிஞர், தோற்புரதத்தின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிப்போனார். 1948இல் தொடங்கப்பெற்ற நடுவண் தோல் ஆய்வு நிறுவனம் அடையாற்றில் அருகிலேயே இருந்தது. இராமச்சந்திரனும் அவர்தம் மாணவர் கோபிநாத் கார்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணில் ஊடுகதிரைச் செலுத்திப் படமெடுத்தனர். மூன்று மாலைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன என்று கண்டு 1954இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். மூன்று மாலைகளும் நெருங்கும் நடுவிடத்தில் மிகச் சிறிய மணிக்கே இடமுண்டு. மூன்றாம் இடந்தோறும் இனிமம் வருவதன் மறைபொருள் அப்போது வெளிப்பட்டது. பெண்கள் பின்னல் போடும்போது மூன்று புரியெடுக்கிறார்களே, அதைப் போன்றதென்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் இது பின்னலன்று, முறுக்கு.

அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் கிரிக்கும் இரிச்சும் இவ்வமைப்பில் அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று குறை கூறினர். இராமச்சந்திரன் சினந்து மறுப்பெழுதி அமையவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்பதையே அடியிலிருந்து அளக்கத் தொடங்கினார். இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம் இராமச்சந்திரன் படம் என்னும் பெயரால் இன்று உலகெங்கும் புரத ஆய்வாளர் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கிறது. மறுப்புரையைவிட அளவுகோல் வலிது என்று காட்டிய அப்பெருமகன் 2001இல் மறைந்தார். அவர் பிறந்தது எரணாகுளத்தில், ஆய்ந்தது சென்னையில். அவர் கண்டறிந்த புரதம் நாள்தோறும் வண்டி வண்டியாக வந்திறங்கும் இவ்வட்டாரத்தில் அவர் பெயரை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? கையுயர்த்தச் சொல்லி உங்களை நாணச் செய்ய விரும்பவில்லை.

பச்சைத்தோல் அழுகும். நீரில் 60, 65 பாகைக்குச் சூடேற்றினால் சுருங்கிக் கூழாகும். மூன்று புரிகளையும் பிரியாமல் கட்டிவைப்பதே பதனிடுதல். நம் பாட்டனார் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அக்கட்டைப் போட்டன. வாரக்கணக்கில் குழியில் ஊறவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட்டு சாட்டர்டன் என்பார் சென்னை மாகாணத்தில் குரோமிய முறையைப் புகுத்தினார். குரோமியம் புரிகளைப் பிணைத்துவிட்டால் கொதிநீரிலும் தோல் சுருங்காது. ஒரே நாளில் பதனாகும். 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை நடுவணரசு கட்டுப்படுத்தியபின் முழுப்பதத் தோலும் அதனோடு குரோமியமும் இவ்வட்டாரத்தில் பெருகின. என் கையிலுள்ள கீற்றின் நீலம் அக்குரோமியத்தின் நிறமே.

பின்விளைவை நீங்கள் அறிவீர்கள். 1996ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நயமன்றம் தந்த தீர்ப்பில் உள்ள செய்திகளை மட்டும் சொல்கிறேன்: ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர், குரோமிய முறையில் 170 வகை வேதிப்பொருள்கள், பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டது. மாசு செய்தவனே அதற்கு ஈடும் செய்ய வேண்டும் என்னும் நெறி இந்திய நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது இப்பாலாற்றின் பெயரால்தான். 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட பத்துப் பேர் மாண்டனர். 2025 சனவரியிலும் உச்ச நயமன்றம் ஈடு தருவதைப் பற்றி மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

என் தந்தையார் ஓர் ஆலையில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். மாலையில் வீட்டுக்கு வந்தால் கைகளை எங்களுக்குக் காட்டமாட்டார். நாங்கள் உறங்கியபின் அம்மா தேங்காயெண்ணெய் தடவுவார். அவர் கொணர்ந்த கூலியில்தான் யான் வேதியியல் படித்தேன். ஆகலின் தோலைப் பழித்துப் பேச எனக்கு நாவெழாது. நூற்றுக்கு ஐந்திலொரு பங்கு தோலாகி மீதியெல்லாம் கழிவாகும் ஒரு தொழிலை அறிவால் திருத்தலாம் என்றே கருதுகிறேன். அடையாற்று நிறுவனம் மயிர்நீக்கச் சுண்ணாம்புக்கு மாற்றாக நொதிகளையும், நீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றும் முறையையும் கண்டு தந்துள்ளது. தீப்புண்ணை மூடக் கொல்லாசன் படலமும் அங்கே ஆக்கப்பெற்றது. கழிவென்று எறிந்த தோற்புரதம் புண்ணுக்குத் தோலானது.

இனிப் பட்டின் புதுப்பணிகள். அறுவை மருத்துவர் நெடுங்காலமாகப் பட்டிழையால் புண் தைத்து வருகின்றனர். உடல் அதனைப் பெரிதும் வெறுப்பதில்லை. இப்போது செய்வது வேறு. கூட்டைப் பசைநீக்கி, இலித்தியம் புரோமைடு என்னும் உப்பின் செறிந்த கரைசலில் இட்டால் பைபிராயின் கரைகிறது. நுண்துளைப் படலப் பையிலிட்டு உப்பை மட்டும் கழுவிவிட்டால் எஞ்சுவது நீரில் கரைந்த பட்டு. புழுவின் வயிற்றிலிருந்த கூழை மீட்டுவிட்டோம் என்க. அக்கூழைப் படலமாக ஊற்றலாம், கடற்பஞ்சுபோல் துளைபடச் செய்யலாம், பொடியாக்கலாம்.

அமெரிக்காவின் தப்சு பல்கலைக்கழகத்தில் காப்லானும் ஓமனெட்டோவும் அவர்தம் குழுவினரும் இத்துறையில் முன்னோடிகள். 2012இல் தட்டம்மை முதலிய மூன்று நோய்க்கான தடுப்பு மருந்தைப் பட்டுப்படலத்துள் பொதிந்து 45 பாகை வெப்பத்தில் ஆறு திங்கள் வைத்தும் அதன் ஆற்றல் பெரிதும் குன்றவில்லை என்று காட்டினர். 45 பாகை என்றால் நம் வேலூர்க் கத்தரி வெயிலையும் தாங்கும்! குளிர்ப்பெட்டியும் மின்சாரமும் இல்லாத மலையூருக்கு மருந்து கொண்டுபோவோர்க்கு இது எத்துணைப் பெரிய செய்தி! 2016இல், தலைமயிரினும் மெல்லிய பட்டுப்பூச்சைச் செம்புற்றுப்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் பூசி, அறைவெப்பத்திலேயே அவை நாள்கடந்து கெடாதிருக்கக் கண்டனர். நம் மாம்பழத்துக்கு இதனைச் செய்து பார்க்கும் இளைஞன் எவனேனும் இக்கூட்டத்தில் இருந்தால் என்னை வந்து காண்க. 2022இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார், பயிர்மருந்தைப் பொதியும் நுண்நெகிழித் துகள்களுக்கு மாற்றாகப் பட்டுத் துகள்களை ஆக்கினர். நெகிழித் துகள் மண்ணில் கிடந்து நூற்றாண்டுகள் மக்காது. பட்டுத் துகள் மக்கும். இதற்கு உயர்ந்த பட்டு வேண்டா; நெசவுக்கு ஆகாத கழிவுப்பட்டே போதும். இந்த ஒன்றே எனக்கு மிகவும் பிடித்த பயன். நம் நாட்டிலும் புனே வேதியியல் ஆய்வகத்தில் எலும்புக்குழியை நிரப்பப் பட்டுப்புரதம் ஆயப்பெற்றது. சிலந்தியிழையைப் பற்றிக் கேட்பீர்கள். சிலந்திகள் ஒன்றையொன்று தின்பன. தொழுவத்தில் வளர்க்க இயலா. ஆகலின் அவற்றின் மரபுக்கூற்றை நுண்ணுயிர்களில் ஏற்றிப் புரதம் எடுக்கின்றனர். அது பெருஞ்செல்வர் வேலை, அதனை விடுவோம்.

ஆனால் ஓர் ஐயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இயற்கைப்பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. ஆவாரம்பட்டையை விட்டுக் குரோமியத்துக்குப் போனபோதும் முன்னேற்றம் என்றுதான் சொன்னார்கள். பட்டிலும் இன்றே கழிவுண்டு. வழலையும் சோடா உப்பும் இட்டுக் கொதிக்க வைத்துப் பசைநீக்கும் நீர், ஆரணியானாலும் காஞ்சியானாலும், செரிசினோடு சாக்கடைக்கே போகிறது. நான்கு கிலோ கச்சாப்பட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ இவ்வாறு போகும். எடை குறைகிறதே என்று நெசவாளர் பெருமூச்சு விடுவார்கள். குறைந்தது எங்கே போயிற்று என்று எவரும் பார்ப்பதில்லை. அந்த நீர் ஆற்றில் கலந்தால் புரதம் அழுகி நீரின் உயிர்வளியை உண்டுவிடும். மீனுக்கு அது நஞ்சே. அதே செரிசினை நீரினின்று பிரித்தெடுத்தால் தோலுக்கு ஈரங்காக்கும் பூச்சாகவும், புண்மருந்தின் கூறாகவும் விலைபோகும். சாக்கடையில் விடுவது சரக்கு. செரின் என்னும் அமினோக் காடிக்கு அப்பெயர் வந்ததே 1865இல் இப்பசையினின்று அதனைப் பிரித்தெடுத்ததால்தான். 150 ஆண்டுக்கு மேலாகியும் நாம் அதனைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று கைகள். கொதிநீர்த் தொட்டியில் கூட்டை இட்டு இழைமுனை தேடுவோர் பெரும்பாலும் பெண்கள். அவர்தம் விரல்களைப் பாருங்கள். என் தந்தையாரின் விரல்கள் நினைவுக்கு வரும். ஒரு கிலோ கச்சாப்பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். கூட்டைக் கிலோக் கணக்கில் விற்கும் உழவர்க்கு, அப்புரதமே பின்னர்க் கிராம் கணக்கில் விற்கப்படும் செய்தி தெரியாது. ஓசூரில் 1991 முதல் பட்டுப்புழு இனங்களையும் முசுக்கொட்டை இனங்களையும் பேணும் நடுவணரசு மையம் உள்ளது. இவ்வூரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. அடையாற்றில் புரதம் அறிந்தோர் உளர். அறிவு நம்மிடம் குறைவில்லை. அது ஆங்கில ஆய்விதழ்களில் கிடக்கிறது. கூடு வளர்ப்பவர் கையில் தமிழில் இரண்டு பக்கத் துண்டறிக்கைகூட இல்லை. யான் கடந்த சித்திரையில் எழுதிய துண்டறிக்கையின் படிகள் வாயிலருகே உள்ளன. அதில் பசைநீரை வெள்ளைத்துணியில் வடிகட்டி ஆறவிட்டுத் தொட்டியில் தேக்கும் எளிய முறையை மட்டும் எழுதியுள்ளேன். பிழையிருப்பின் திருத்தித் தாருங்கள். சொல்லில் பிழையிருப்பினும் அவ்வாறே.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். இந்தக் கூட்டையும் இத்தோற்கீற்றையும் மேசைமேல் வைக்கிறேன். அண்டாவில் வெந்நீர் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் வாருங்கள். ஒரு குவளையில் கூட்டை இட்டுச் சற்றுப் பொறுத்து, தென்னந்துடைப்பக் குச்சியால் மெல்லத் துழாவுங்கள். பலமுறை அறுந்த இழைகளே வரும், விட்டுவிடாதீர்கள். உண்மையான முனை அகப்பட்டால் நீங்களே அறிவீர்கள். அது அறாமல் வந்துகொண்டேயிருக்கும்.